கரும்பலகைக்கு இந்தப் பக்கம்

எங்கள் பாலர் பள்ளி ஒரே கொட்டகை. எஸ்டேட் போட்டுக் கொடுத்த தகரக் கூரை. நடுவில் ஒரு கரும்பலகையை நிறுத்தி அதை இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் மிஸ் பின்னக், இந்தப் பக்கம் மிஸ் கெரிஷா. இருவரும் முகம் பார்த்து வணக்கம் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

மிஸ் பின்னக்கிடம் பெஞ்சு, வரிசை, மர ஸ்கேல். நான்கு வயதுப் பிள்ளை தன் பெயரை எழுதிவிடும். எழுதாத பிள்ளைக்கு விரல் கணு வீங்கும். இந்த வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவன், லாரி ஓட்டுகிறவன் எல்லாரும் அவளிடம் அடி வாங்கியவர்கள்தான். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். மிஸ் கெரிஷா தலைநகர் கிங்ஸ்டனில் படித்துவிட்டு வந்தவள். அவளிடம் மணல் பெட்டி, மரக்கட்டைகள், சோடா மூடிகள், அட்டைப்பெட்டியில் செய்த அடுப்பு. பிள்ளைகள் கடை வைப்பார்கள், சமைப்பார்கள், சண்டை போடுவார்கள். அவள் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"இதுக்கு எதுக்குடி பள்ளிக்கூடம்? மண்ணுல வெளையாட என் வீட்டு வாசல் போதாதா?" என்பாள் பக்கத்து வீட்டு சிஸ்லின்.

என் மகன் ஜெவான் முதலில் மிஸ் பின்னக்கிடம்தான் போனான். மூன்றரை வயதாகியும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன். அவள் ஸ்கேலைத் தட்டினால் எழுந்து நிற்பான், வாயை இறுக்கிக்கொள்வான், கால்சட்டையை நனைப்பான். "ஊமைக் கழுதைக்கு ஏ பி சி எதுக்கு? கயிறு வாங்கிக் கட்டிப் போடு," என்று பிள்ளைகள் முன்னாலேயே என்னிடம் சொன்னாள். மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு வந்து கரும்பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தேன். கொஞ்ச காலம் பேசாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் அட்டை அடுப்புக்கு முன்னால் குந்தி, மணலை மாவாக உருட்டிப் போட்டு, அசல் என் குரலில், "டம்ப்ளிங் வெந்துடுச்சு, கை கழுவிட்டு வாங்க," என்றானாம். மிஸ் கெரிஷா வந்து சொன்னபோது களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் வாய் மூடவே இல்லை. அதுதான் வினையாயிற்று.

என் புருஷன் லாசெல்ஸ் கரும்பு வெட்டுகிறவன். அந்த வருடம் எஸ்டேட் கரும்பு வெட்டைத் தள்ளிக்கொண்டே போனது. ஆலையில் பழுது என்றார்கள். ஆட்கள் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டுச் சும்மா கிடந்தார்கள். எரிந்த கரும்பை அப்படி விட்டுவைக்க முடியாது, சாறு கெட்டுப் போகும், உடனே வெட்டியாக வேண்டும். ஆகவே ஒரு சாயங்காலம் ஆற்றோரக் கரும்புத் துண்டு எரிந்தது. யார் வைத்தது என்று எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரியும். அத்தனை வீட்டு அடுப்பும் அந்தத் தீயில்தான் பற்றியது. எஸ்டேட்டுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த வீடு போகும், லாசெல்ஸ் ஜெயிலுக்குப் போவான்.

அந்த மடையன் தீ வைக்கப் போகும்போது ஜெவானைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தான். தோளில் பிள்ளை இருந்தால் காவல்காரன் சந்தேகப்பட மாட்டானாம்.

இனி ஒரே டீச்சர்தான் என்று எஸ்டேட் சொல்லிவிட்டது. எந்த டீச்சர் என்பதைப் பெற்றோர் கையைத் தூக்கிச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் எல்லாரும் ஒரு காலை உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு. பெற்றோர் சங்கத்துக்கு லாசெல்ஸ்தான் தலைவன். கொட்டகை எஸ்டேட்டுடையது, எஸ்டேட் ஆளை அழைக்காமல் இருக்க முடியாது. எஸ்டேட் அனுப்பிய ஆள் டங்க்லி. காவலுக்குத் தலைவன். ஆற்றோரத் தீயை வைத்தவனைத் தேடிக்கொண்டிருந்தவன்.

"பையன வீட்டுலயே விட்டுடுவோம். காய்ச்சல்னு சொல்லிக்கலாம்," என்றேன்.

"தலைவன் பையனே வரலன்னா டங்க்லி என்ன நெனைப்பான்?" என்றான் லாசெல்ஸ்.

"தோள்ல தூக்கிட்டுப் போனப்ப இந்த மூளை எங்க போச்சு?"

"வாயை மூடிட்டு அவனுக்குச் சட்டையப் போட்டு விடுடி," என்றான்.

முதலில் மிஸ் பின்னக்கின் பக்கம். பிள்ளைகள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஏ ஃபார் ஆப்பிளில் தொடங்கி ஜீப்ராவில் ஒரே குரலாய் நிறுத்தினார்கள். ஆப்பிளை நேரில் பார்த்த பிள்ளை அதில் ஒன்றும் கிடையாது. தகப்பன்மார் கை தட்டினார்கள். டங்க்லி தலையாட்டினான்.

பிறகு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். மிஸ் கெரிஷா தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அவங்கவங்க வேலைய அவங்கவங்க பண்ணுங்க செல்லங்களா," என்றாள். பிள்ளைகள் சிதறினார்கள். ஒருத்தி கடை திறந்தாள். ஒருவன் பொம்மைக்கு ஊசி போட்டான்.

ஜெவான் பச்சைத் துணிக் கிழிசல்களை மணலில் வரிசையாக நட்டான். கரும்பு வரிசை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு சிறுவனின் தோளில் ஏறிக்கொண்டு சிவப்புத் துணியை எடுத்தான். துணியைக் கிழிசல்கள்மேல் எறிந்துவிட்டு, லாசெல்ஸின் குரலில், "ஷ்ஷ், குனி. நாய்ப்பய டங்க்லி வரான். ஆத்தப் பாத்து ஓடு," என்றான்.

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். லாசெல்ஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டங்க்லி எழுந்து போய் மணல் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான். சட்டைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்தான். "நல்ல வெளையாட்டுடா ராஜா. யாரு கத்துக் கொடுத்தா?"

மிஸ் கெரிஷா முந்திக்கொண்டாள். "நான் சொன்ன கதை சார். தீகிட்ட போகக்கூடாதுன்னு."

"கதைல என் பேரு எப்படி வந்துச்சு?"

"கதைன்னா பூச்சாண்டி வேணும்ல சார். இந்த ஊர்ல தூங்காத பிள்ளைக்கெல்லாம் உங்க பேரத்தான் சொல்றாங்க."

எல்லாரும் சிரித்தார்கள், வேண்டுமென்றே சத்தமாக. டங்க்லி சிரிக்கவில்லை. மிட்டாயை ஜெவானின் உள்ளங்கையில் வைத்தான். "டீச்சரா? இல்ல வேற யாராவதா? நீ சொல்லுடா."

இத்தனை பெரிய மனிதன் தன்னைக் கேட்கிறான் என்று ஜெவானின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தான்.

கரும்பலகையில் ஸ்கேல் இடியாய் விழுந்தது. "எழுந்து நில்!" மிஸ் பின்னக்.

அந்தப் பக்கப் பிள்ளைகள் எல்லாம் எழுந்தன. இந்தப் பக்கத்தில் ஜெவானும் விறைத்து எழுந்தான். திறந்த வாய் இறுகி மூடிக்கொண்டது. கால்சட்டை நனைந்து மணலில் ஒழுகியது. மிட்டாய் கீழே விழுந்தது. "ஏ ஃபார் ஆப்பிள்" என்று கொட்டகை அதிர்ந்தது. டங்க்லி அவன் காதருகே இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். சுவரோடு பேசுவது போலிருந்தது. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, லாசெல்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான்.

நான் பையனைத் தூக்கித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மிஸ் பின்னக் பேசத் தொடங்கிவிட்டாள்.

"பாத்தீங்களா? இன்னிக்கு இவ பையன். நாளைக்கு உங்க வீட்டுது. எந்த வீட்டுல யாரு யாரை அடிச்சா, யாரு பின்வாசல் வழியா வந்தான், எல்லாம் இந்த மணல் பெட்டிக்கு வரும். என் பெஞ்சுல உக்காந்த பிள்ளை ஒரு வீட்டுக் கதையாவது வெளிய சொல்லியிருக்கா?"

"நானும்தான் அவங்களக் காப்பாத்தினேன்," என்றாள் மிஸ் கெரிஷா.

"நீ வெட்டின குழிய நீயே மூடப் பாத்த. பெரிய உபகாரம்."

"குழி வெட்டினது அவளா, தீ வெச்சவனா?" என்றேன்.

"வாயை மூடு அயோனி," என்றாள் சிஸ்லின். "உன் புருஷனுக்காகத்தான் நாங்க எல்லாரும் பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருக்கோம்."

மிஸ் பின்னக்குக்குக் கைகள் உயர்ந்தன. லாசெல்ஸின் கை முதலில் உயர்ந்தது. மிஸ் கெரிஷாவுக்கு என் கை மட்டும். மூத்திரம் துடைத்த துணியோடு அதைத் தூக்கினேன். எவரும் எண்ணவில்லை. மிஸ் கெரிஷா அட்டை அடுப்பை மடக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவனைக் கொண்டுபோய் விட்டேன். எங்களுக்கு வேறு பள்ளி கிடையாது. களை எடுக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகவும் விடமாட்டார்கள்.

"உன் புருஷன் இன்னும் வெளிய நடமாடுறான்னா என் ஸ்கேலாலதான். நன்றி சொல்லிட்டுப் போ," என்றாள் மிஸ் பின்னக்.

"சொல்ல மாட்டேன்."

"அப்ப திமிரோட போ. பையன் இங்க இருக்கட்டும்."

சாயங்காலம் லாசெல்ஸ் கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஆற்றோரத் துண்டில் இன்னும் வெட்டு முடியவில்லை. "என்னடா படிச்ச?"

ஜெவான் எழுந்து நின்றான். ஏ ஃபார் ஆப்பிளிலிருந்து ஜீப்ரா வரை மூச்சு விடாமல் சொன்னான். வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"வேற?"

ஜெவான் மறுபடியும் எழுந்து நின்றான்.

"பாத்தியா, ஒரே நாள்ல எப்படி வந்துட்டான்," என்றான் என்னிடம்.

டம்ப்ளிங் வெந்துவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. ஜெவானின் தட்டில் இரண்டு வைத்தேன், என் தட்டில் வைத்தேன், சட்டியை மூடினேன்.

"எனக்கு எங்கடி?"

"பின்னக்கிட்ட போய்க் கேளு," என்றேன்.