மாப்பிள்ளைச் சிலந்தி

எங்கள் அறையில் இரண்டு மேஜை. ஜன்னல் ஓரத்து மேஜை ஓவியருக்கு. வெளிச்சம் அவருக்குத்தான் வேண்டும். சுவர் ஓரத்து மேஜை எனக்கு. அருங்காட்சியகத்தின் இரண்டாவது மாடியில் பதினேழு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். காட்டிலிருந்து ஸ்பிரிட் புட்டிகளில் வரும் சிலந்திகளை நான் இனம் பிரித்து எழுதுவேன். அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வரைவார். அவருக்கு நான் சார், எனக்கு அவர் மேடம்.

அந்தச் சிலந்தியைக் கண்டுபிடித்தது அவர்தான். மழைக்காட்டில் கிளையைத் தட்டி, கீழே விரித்த துணியில் விழுந்ததை நான் அள்ளி வந்திருந்தேன். அதில் ஒன்று. உடம்பு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. தெரிந்த இனம்தான் என்று சீட்டு எழுதிப் புட்டிக்குள் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, வரைந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"சார், இதுக்குக் கொக்கி ரெண்டு இருக்கே."

ஆண் சிலந்திக்கு முகத்துக்குக் கீழே குட்டிக் கைகள் மாதிரி ஒரு ஜோடி உறுப்பு உண்டு. பெண்ணோடு சேர உதவுவது அதுதான். இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். எங்கள் பிழைப்பே அதைப் பார்த்துப் பிரிப்பதுதான். நான் சீட்டில் எழுதியிருந்த இனத்துக்கு அதில் ஒரே ஒரு கொக்கிதான்.

"ஒண்ணு உடைஞ்சு மடங்கியிருக்கும் மேடம்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா உடையும்?"

எழுந்து போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு, புட்டிக்குள் போட்ட என் சீட்டை வெளியே எடுத்தேன். இதுவரை யாரும் பெயர் வைக்காத சிலந்தி.

"மாப்பிள்ளை கெடைச்சாச்சு," என்று சிரித்தார். "எழுதிடலாமா சார்?"

அங்கேதான் நான் ஒற்றைக்காலில் நின்றேன். பெண் சிலந்தியும் கிடைத்தால்தான் புது இனத்தை அறிவிக்கும் கட்டுரை முழுமை. ஆணை மட்டும் வைத்து எழுதுவதும் உண்டு, யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் இளவயதில் நான் அப்படி அவசரப்பட்டு எழுதிய ஒன்றைத் தப்பு என்று வேறொருவர் அச்சிலேயே காட்டிவிட்டார். சூடு கண்ட பூனை நான்.

"பொண்ணும் கெடைக்கட்டும் மேடம். சேர்த்தே போட்டுடுவோம்."

முதல் மழைக்காலம் போய்விட்டு வந்தேன். வாசலிலேயே கேட்டார்: "என்ன சார், பொண்ணு பாக்கப் போனீங்களே?"

"சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாங்க. பொண்ணு மட்டும் வரல."

விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருஷக் கடைசியில் அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மீதி நாள் ஜன்னல் ஓரம். கை நடுங்கினால் துணியை மடித்து மணிக்கட்டுக்குக் கீழே வைத்துக்கொள்வார். முன்பு ஒரு வாரத்தில் முடிக்கும் படத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பதினோரு படங்கள் முடித்தார். கொக்கியின் வளைவில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"சார், ஆணை மட்டும் வெச்சு இப்பவே அனுப்பிடலாமே. பொண்ணு கெடைச்சா அப்புறம் தனியா எழுதிக்கலாம்."

"இந்த மழையும் முடியட்டும் மேடம். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

பேனா முனையைத் துடைத்தபடி சொன்னார்: "பொறுமை இருக்கு சார். நாள் இருக்கான்னுதான் தெரியல."

"அப்படியெல்லாம் பேசாதீங்க," என்றேன். எல்லோரும் சொல்லும் பேச்சு. அதைச் சொல்லிவிட்டால் அவர் சொன்னதை யோசிக்க வேண்டியதில்லை.

அந்த மழையும் வெறுங்கையோடு போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் பன்னிரண்டு நாள் காட்டில் இருந்தேன். போன் எடுக்காத இடம். பத்தாம் நாள், ஓர் அகன்ற இலையின் அடிப்பக்கம், முட்டைப்பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் பெண். மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நான் ஒருவனே கத்தினேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை. சேற்றுச் செருப்போடு நேரே இரண்டாவது மாடிக்குத்தான் போனேன்.

அவர் மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டிருந்தது. பின்னாலேயே வந்த காவலாளி படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"சார், வியாழக்கிழமையே முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு எத்தனை தடவை அடிச்சோம், லைனே போகல."

புட்டி என் சட்டைப்பையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மேடம் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் பஸ் டிரைவர். டூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். சிலந்திக்கு மேடம் பெயரை வைக்கலாம் என்றேன்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்கு. கட்டுரை எழுதினவங்க பேரையே பூச்சிக்கு வெக்கிறது எங்க தொழில்ல முறையில்ல. தனக்குத்தானே மாலை போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடும். எழுதினவங்க பட்டியல்லேர்ந்து அவங்களை எடுத்துட்டா வெக்கலாம். ரெண்டுல ஒண்ணுதான்."

அவர் மறுத்துத் தலையாட்டினார்.

"செத்தவங்க பேரை ரோட்டுக்கு வெக்கிறாங்க, பாலத்துக்கு வெக்கிறாங்க. எந்தப் புண்ணியவான்னு யாருக்குத் தெரியுது? இவ வேலை செஞ்சவ சார். செஞ்சவன்னே போடுங்க. மொதல்ல போடுங்க."

"மொதல்லதான்," என்றேன்.

சிலந்திக்கு இரட்டைக் கொக்கி என்று பொருள்படும் பெயர் வைத்தேன். பெண்ணை வரையத்தான் ஆளில்லை. புதிய ஓவியரை எடுக்க அலுவலகத்துக்கு மனசில்லை. நானே அவர் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஆறு காகிதம் கிழித்தேன். ஏழாவது, பார்க்கும்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். அளவு சரியாக இருந்தது.

கட்டுரை அச்சாகி வந்தது. முதலில் அவர் பெயர். பக்கத்தில் சின்னக் குறி. அவர் காலமானதைச் சொல்லும் ஒரு வரி அடியில். அதை எடுத்துக்கொண்டு போனேன்.

டிரைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கடைசிப் படத்தில் நின்றார்.

"இது அவ வரைஞ்சதில்லையே."

"நான் வரைஞ்சது."

"தெரியுது," என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் அவர் பக்கத்தைப் புரட்டாமல் பேசினார்.

"கடைசி வாரம் ஒண்ணையேதான் திரும்பத் திரும்பக் கேட்டா."

"பொண்ணு கெடைச்சுதான்னா?"

"இல்ல சார். அச்சுல வந்துடுச்சான்னு. மொதல்ல, வரும்மா, வரும்மான்னேன். அப்புறம் ஒரு நாள் மனசு கேக்கல. வந்துடுச்சு, பாத்தேன், பிரமாதமா இருக்குன்னு சொல்லிட்டேன். எடுத்துட்டு வாங்கன்னா. சார் ஊர்ல இல்ல, வந்ததும் அவரே கொண்டுவருவார்னேன்."

மன்னியுங்கள் என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம் சார். அவ்வளவுதான்."

"வந்திருக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காப்பி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்தேன். அவர் கட்டுரையை மடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து, புரியாத மொழியில் இருந்ததை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தார். கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.