கடைசிக் கொட்டகை

"உன் காலடி பட்டுத்தான் கோழியெல்லாம் இருமுது. பொறந்த வீட்டுக்குப் பெட்டியைக் கட்டு" என்றார் அம்மா.

அண்ணி பெட்டியை எடுத்தார். அண்ணன் இறந்த பிறகு அவரிடமிருந்து பதில் ஏதும் வரும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதுமில்லை. முற்போக்கான குடும்பம் எங்களுடையது. விதவையை அன்றே வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. கோழிப்பண்ணையின் கடைசிக் கொட்டகையில் தங்கி வேலை பார்க்க அனுப்பினோம், அவ்வளவுதான். அவருக்கென்று தனிச் செருப்பு, தனி வாளி. அவர் கை பட்ட முட்டை அட்டை எங்கள் பக்கம் வரக் கூடாது, எங்களுடையது அங்கே போகக் கூடாது. காலையில் அவர் முகத்தில் விழித்துவிடுவோமோ என்று அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

மற்றபடி விஞ்ஞானத்துக்குக் குறைவில்லை. அதற்குத்தான் நான் இருக்கிறேனே. பக்கத்துப் பண்ணையில் கோழிகள் மூச்சுத் திணறுகின்றன என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய், இரண்டைத் தூக்கி வாயைப் பிளந்து பார்த்து, "வெறும் சளி" என்று தீர்ப்புச் சொன்னேன். அதே கையோடு, அதே செருப்போடு வந்து எங்கள் கொட்டகைகளைச் சுற்றினேன். சில நாளில் எங்கள் கோழிகளும் இருமின. ஓடில்லாத தோல்முட்டையாக இட்டன. பழி அண்ணிமேல் விழுந்தது. வேறு யார்மேல் விழும்? நான் படித்தவனாயிற்றே.

கால்நடை மருத்துவர் வந்தார். கடைசிக் கொட்டகைக்குள் கால் வைக்காமல், வாசலிலேயே நின்று காது கொடுத்தார்.

"இங்க ஒண்ணுகூட இருமலையே. இது வைரஸ். காத்துல மட்டுமில்ல, செருப்புல, கையில, முட்டை அட்டையில ஏறி வரும். இதுக்குள்ள யாரையும் விடாம பாத்துக்கிட்டது யாரு?"

நான் தொண்டையைக் கனைத்தேன். எனக்கும் தொற்றிவிட்டதோ என்பதுபோல் அவர் பார்த்தார்.

அம்மா முந்திக்கொண்டார். "நான் போட்ட கட்டுப்பாடு, டாக்டர்."

"நல்ல காரியம்மா. இதையே எல்லாக் கொட்டகைக்கும் போட்டிருக்கலாம். இங்க வேலை பாக்கறவங்களை மட்டும் மாத்திடாதீங்க."

அவர் போனதும், தான் காப்பாற்றிய கோழிகளைப் பார்க்க அம்மா பெருமையோடு நடந்தார். விஞ்ஞானம் பின்னால் போயிற்று. வாசலில் அண்ணி சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கட்டிய பெட்டி கோட்டுக்கு உள்ளே இருந்தது.

"அங்கேயே நில்லுங்க, அத்தை."

"இது என் பண்ணைடி."

"ஆமா. கட்டுப்பாடும் உங்களோடதுதான்." பிறகு என் செருப்பைப் பார்த்தார். "தம்பி, நீங்க இன்னும் கொஞ்சம் தள்ளி."

தள்ளி நின்றேன். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இப்படியே எத்தனை நாளைக்கு?"

அண்ணி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"என்னை இங்க அனுப்பினப்ப யாரும் நாள் சொல்லலையே, அத்தை."