தளத்தில் விழுந்த தாயத்து

"வாய மூடிக்கிட்டு இரு ராக்கப்பா, நான் சொல்றத..."

"எப்பிடி பாய் இருக்கறது? தாயத்த எஞ்சினு உறிஞ்சிருச்சுன்னா..."

"எங்க விழுந்துச்சுன்னே ஒனக்குத் தெரியாது. ரூம்லயே விழுந்திருக்கும்."

"வேன விட்டு இறங்கையில இடுப்புல இருந்துச்சு. இப்ப கயிறு மட்டும் அந்துபோயிக் கெடக்கு."

அமீரகத்துக்குச் சாகசம் காட்ட வந்த வெளிநாட்டு விமானப்படையின் பயிற்சி ஜெட்டுகள் விமான தளத்தில் எதிரே நின்றன. ஒலியை மிஞ்சிப் பறப்பவை. அவை நகருமுன் ராக்கப்பனைப் போன்ற துப்புரவு ஆட்கள் வரிசையாக நடந்து, கல்லோ திருகாணியோ, தரையில் கிடப்பதைப் பொறுக்க வேண்டும். சின்ன இரும்புத் துண்டு போதும், எஞ்சின் நாசமாக. மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றச் சொன்னார்கள், கழற்றினான். தாயத்து கோத்த அரைஞாணை யார் நகையில் சேர்ப்பார்கள்? ஆம்பிளை செத்தால்தானே அதை அறுப்பது.

"அதுல எம்புள்ள தொப்புள்கொடி இருக்கு பாய்."

வேன் ஓட்டும் நிஜாமுக்கு அது தெரியும். காய்ச்சலில் போன மகளின் இடுப்பிலிருந்து அவிழ்த்து, ராக்கப்பனின் பெண்டாட்டி மீனாம்பாள் அவன் இடுப்பில் கட்டி அனுப்பிய தாயத்து.

"அதுக்குத்தாண்டா சொல்றேன். சொன்னா கேட் பாஸைப் புடுங்கி வெளிய அனுப்பிருவான். எல்லாம் முடியட்டும், நாமளே தேடுவோம்."

"அந்த ஜெட்டுக்குள்ள ஏறி உக்காந்திருக்கானே, அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான?"

நிஜாம் கையைப் பிடித்தான். ராக்கப்பன் உதறிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடினான்.

"சாப், ருக்கோ! மேரா தாவீஸ் கிர் கயா! என் தாயத்து விழுந்துருச்சு, நிப்பாட்டச் சொல்லுங்க சாப்!"

நகரத் தொடங்கிய முதல் ஜெட் நின்றது. எல்லோரும் மறுபடி வரிசையில் நடந்தார்கள். அதன் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கிடந்தது வெள்ளித் தாயத்து. பாதுகாப்பு அதிகாரி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார்.

"அச்சா கியா பாய்," என்று பாராட்டி ராக்கப்பனின் தோளைத் தட்டினார். பிறகு அவன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிக்கொண்டார்.

"சாப், தாவீஸ்?"

"மாஃபி, கிடையாது. ரிப்போர்ட்டோட போகும். யல்லா, யல்லா, கெளம்பு."

நிஜாம்தான் அவனை வேனில் வெளிவாசலுக்குக் கொண்டுவந்தான். தலைக்கு மேலே ஜெட்டுகள் தலைகீழாகப் புரண்டு வண்ணப் புகை விட்டன. உள்ளே கூட்டம் ஆர்ப்பரித்தது.

"கிறுக்குப் பயலே, ஒன்னாலதான் அவனுக பறக்குறானுக. அண்ணாந்தாவது பாரு."

ராக்கப்பன் பார்க்கவில்லை. கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது, மீனாம்பாள்.

"பாய், புள்ளைய எங்க விட்டுட்டு வந்தேன்னு இவகிட்ட சொல்ல?"