பஸ் எங்கே?

"அண்ணா, அந்தாளு புது ஸ்டாப்புல நிக்கிறான்!"

போனில் தங்கையின் குரல் பதறியது. அந்தாள் என்றால் அவள் பிரிந்து வந்த புருஷன். போன தடவை பாப்பாவைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிப்போய், போலீஸ் போய்த்தான் மீட்டு வந்தார்கள். பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியும் அடங்குகிற ஜென்மமா அது? அவனுக்குத் தெரியக்கூடாது என்றுதான் நேற்று பாப்பாவின் ஸ்கூல் பஸ் ஸ்டாப்பையே மாற்றியிருந்தார்கள்.

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போக வந்த நான் கடைக்குள்ள ஒளிஞ்சு நிக்கிறேன். போனைப் பாக்கிறான், ரோட்டைப் பாக்கிறான். பஸ் வர்றது அவனுக்குத் தெரியுதுண்ணா!"

"தெரிய வழியே இல்லம்மா."

பள்ளியின் வலைத்தளத்தைச் செய்து கொடுத்தவனே இந்த அண்ணன்தானே. பெற்றோர் உள்ளே நுழைந்தால் 'பஸ் எங்கே?' என்று ஓர் இணைப்பு தெரியும். தொட்டால் பஸ் வரைபடத்தில் ஊர்ந்து வரும். கோர்ட் தடை உள்ளவருக்கு அந்த இணைப்பைக் காட்டாதே என்று முகப்புப் பக்கத்தின் டெம்ப்ளேட்டில் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். "பூட்டியாச்சு, நிம்மதியா தூங்கு" என்று தங்கையிடம் பெருமையடித்தும் இருந்தான்.

யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று காட்டும் சர்வர் பதிவைத் திறந்தான். மாப்பிள்ளையின் கணக்கு அந்தப் பக்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தின் முகவரியை முன்பே போனில் சேமித்து வைத்திருக்கிறான்! இவன் மறைத்தது இணைப்பை மட்டும்தான். பக்கம் ஆ என்று திறந்தே கிடந்தது. அட முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"பஸ்ஸில பிள்ளைங்களைப் பாத்துக்கிற அக்காவுக்குப் போன் போடு. அங்க நிறுத்த வேண்டாம்னு சொல்லு!"

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தாள். "பஸ் வேற தெருவில திரும்பிடுச்சு. ஆனா இவன் போனைப் பாத்துக்கிட்டே பைக்கை எடுக்கிறாண்ணா!"

 அதே நிபந்தனையைப் பக்கத்துக்கே போட்டான். ஓர் எழுத்து தப்பாகித் திரை முழுக்கப் பிழைச்செய்தி சிவப்பாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தி ஏற்றினான்.

"நின்னுட்டான்" என்றாள் தங்கை. "போனைத் தட்டிக்கிட்டே இருக்கான். இப்ப யாருக்கோ போன் போடுறான்."

அண்ணன் போனிலேயே இன்னோர் அழைப்பு வந்தது. மாப்பிள்ளை! எடுத்தான்.

"மச்சான், பஸ் பேஜ் திறக்கலையே. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"பாத்துட்டேன்" என்று வைத்துவிட்டான்.

தங்கை இன்னும் லைனில் இருந்தாள். பாப்பா பத்திரமாகப் பள்ளிக்கே திரும்பிவிட்டாளாம். அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அன்னிக்கே பூட்டிட்டேன்னியே அண்ணா" என்றாள். "உன்னை நம்பித்தானே அவளைத் தனியா பஸ்ஸில ஏத்தினேன்."