ஜீப்புக்குப் பதினான்கு குறைகள்

1

உள்ளதைச் சொல்லிவிடலாம். இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறந்ததல்ல. போடிநாயக்கனூரில் வெளியூர்ப் பார்ட்டிகளுக்காக ஏலக்காய் வாங்கிக் கொடுக்கும் ஜெபமணி, ஐம்பத்திரண்டு வயதில், தன் பழைய ஜீப்பைப் பழுது பார்ப்பதா, வைத்துக்கொள்வதா, விற்பதா என்று முடிவெடுக்க முடியாமல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் போவதைவிட இது சுலபம். எழுதுகிறவரும் ஜெபமணிதான். தன்னையே ‘அவர்’ என்று எழுதிக்கொள்கிறார். வேறு யாரும் கொடுக்காத மரியாதை இப்படியாவது கிடைக்கட்டுமே.

சிக்கல் என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த ஜீப்பு லோடு அடிக்க வாங்கியதல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மனைவி ஷீலாவை ஏற்றிக்கொண்டு மலைமேல் போடிமெட்டுக்குப் போய், ஆளுக்கொரு பாலில்லாத கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்குவதற்காக வாங்கியது. பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. போன சித்திரையில் இறங்கும்போது பிரேக் போனது. அன்றிலிருந்து ஷீலா அதில் ஏறவில்லை. ஷீலா மறுபடி பக்கத்தில் வந்து உட்காருவாரா என்பதுதான் கதை. ஜீப்பு ஒரு சாக்கு.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி மலையை முத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த இனிய..." (வேண்டாம். சித்திரை வெயிலில் ஏது மூடுபனி?)

இரண்டாம் தொடக்கம்: "பிரேக் இல்லை. எதிரே கொண்டை ஊசி வளைவு வாயைப் பிளந்தது. மலைச்சாமியின் உதட்டில் ஒரு புன்னகை..."

மலைச்சாமி என்பவன் ஜெபமணி உண்டாக்கிய நாயகன். மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு மலைச்சாமி என்று பெயர் வைக்க ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தார். மலைச்சாமிக்குத் தொப்பை கிடையாது. கியரைக் குறைத்துக் குறைத்து, மனைவிமேல் ஒரு கீறல் விழாமல் வண்டியை நிறுத்துகிறான். ஷீலா படித்துப் பார்த்துவிட்டு, யார் இந்த ஆள் என்று மட்டும் கேட்டார். பிறகு உளுந்து ஊறவைக்கப் போய்விட்டார்.

3

விற்றுவிடலாம் என்று முடிவானது. சிலமலையிலிருந்து இனியவன் பார்க்க வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், சின்ன வயது, பழைய ஜீப்பென்றால் பைத்தியம். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டுமாம்.

இங்கேதான் தொழில் புத்தி காலை வாரியது. ஜெபமணி இருபத்தாறு வருடமாக ஏலத்தில் வாங்குகிற ஆள். சாம்பிள் காயைக் கையில் கொட்டியதும் வாய் தானாகத் திறக்கும்: நிறம் போச்சு, ஈரம் நிக்குது, வெடிச்ச காய் அதிகம். இன்று விற்கிற பக்கம் நிற்கிறோம் என்பது மண்டையில் ஏறுவதற்குள், தன் ஜீப்பையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பதினான்கு குறை சொல்லி முடித்திருந்தார். அடித்தகட்டில் துரு, ரேடியேட்டர் ஒழுகல், மூன்றாவது கியர் துள்ளும், மழை பெய்தால் ஹாரன் தானாக அடிக்கும்.*

* பத்தாவது குறையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. நிறுத்தத்தான் முடியவில்லை. வாய் நல்ல ஓட்டத்தில் இருந்தது.

இனியவன் ஓடிவிடுவார் என்று பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டார். "குறையச் சொல்லி விக்கிற ஆள இப்பத்தாண்ணே பாக்குறேன். உங்கள நம்பி எடுத்துக்கிறேன்." வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்தப் பதினான்கில் பிரேக் இல்லை. பிரேக் ஆயில் ஊற்றிச் சமதரையில் நிற்கிற அளவுக்குச் செய்து வைத்திருந்தார். மலை இறக்கத்தில் தாங்குமா என்று அவருக்கே தெரியாது. விட்டது மறதியில் அல்ல. பிரேக்கைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும்.

4

முடிவு ஒன்று: மலைச்சாமி ஜீப்பைப் பழுது பார்க்கிறான். மனைவி சிரித்துக்கொண்டே ஏறுகிறாள். (எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: விற்கிறான். வாங்கியவர் குடும்பத்தோடு மலை ஏறுகிறார். இறங்கும்போது அந்தக் கைக்குழந்தை... (இதற்கு மேல் கை ஓடவில்லை.)

முடிவு மூன்று: வைத்துக்கொள்கிறான். பின்சீட்டில் கோழி முட்டையிடுகிறது.

ஷீலா மூன்றையும் நிதானமாகப் படித்தார். "வண்டிய என்னமும் பண்ணுங்க. நீங்க குதிச்சத எங்க எழுதிருக்கீங்க?"

ஏழு மாதமாக அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லாத விஷயம். சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினேன் என்றுதான் ஜெபமணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஷீலாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

5

சரி, மலைச்சாமி வீட்டுக்குப் போகட்டும்.

பிரேக்கை மிதித்தால் கால் தரைவரைக்கும் போனது. கதவில்லாத ஜீப்பு. ஜெபமணி குதித்துவிட்டார். யோசித்துச் செய்ததல்ல; யோசிக்க நேரம் இருந்திருந்தால் கண்டிப்பாக அவர்... (இல்லை. அதுவும் தெரியாது.) ஷீலாவை வைத்துக்கொண்டு வண்டி தனியாக இறங்கி, மலைப்பக்கத்து மண்மேட்டில் முட்டி நின்றது. பின்னால் தோட்டத்து ஆட்களை ஏற்றிவந்த ஜீப்பிலிருந்து ஒரு பெண்தான் ஓடிப்போய் ஷீலாவை இறக்கினார். ஜெபமணி ரோட்டில் உட்கார்ந்து தன் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் வாசகரைச் சிரிக்க வைக்கப் பார்த்ததே இந்தப் பத்தி வந்துவிடக் கூடாது என்றுதான்.

6

வியாழக்கிழமை இனியவனுக்குப் போன் போட்டார். மழை உண்டா, பள்ளிக்கூடம் லீவா என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். மலையில பிரேக்கு போயிருச்சு. நான் குதிச்சிட்டேன். வீட்ல வண்டிக்குள்ள இருந்துச்சு."

வண்டி வேண்டாம் என்பார், ஏன் மறைத்தீர்கள் என்று சத்தம் போடுவார் என்று ஜெபமணி காத்திருந்தார்.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?" என்றார் இனியவன்.

ஷீலாவுக்குக் கை கால் முழுசாக இருந்ததை ஜெபமணி கண்ணால் பார்த்ததோடு சரி. கேட்டதில்லை. இந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று போனை வைத்தார்.

7

ஜீப்பின் முடிவை வாசகரே வைத்துக்கொள்ளலாம். பழுது பார்த்தாலும் சரி, காயலான் கடைக்குப் போட்டாலும் சரி, ஜெபமணிக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் அடுப்படிக்குப் போனார். கேட்டார். ஷீலா அடுப்பை அணைத்துவிட்டு, அவரை உட்காரச் சொல்லி, தானும் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். நீளமான பதில். அதில் ஒரு வார்த்தையும் இங்கே வராது.