மூன்றில் ஒரு பங்கு ராத்திரி

இந்தப் போர்க்காலத்தில் யாரும் எதையும் முழுசாகத் தருவதில்லை என்பது ஜேபஸ் தர்ல்பியின் தீராத புகார். ரொட்டியில் பாதி உருளைக்கிழங்கு. பீரில் பாதி தண்ணீர். போதாததற்கு அரசாங்கம் கடிகாரத்தையும் இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் மண்ணைக் கொத்தியே கிழடாகிப்போனவர். எந்த அதிகாரி பேசினாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கேட்பார்.

அவர் வேலை செய்த வயலின் வேலியை ஒட்டிக் குண்டுவீச்சு விமானத் தளம். மகன் சிரில் அங்கேதான் இருந்தான். விமானத்தின் வாலில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து சுடுகிற வேலை. குளிர்காலத்தில் இருட்டு நீளம். பெர்லின் வரை போய்த் திரும்பப் போதும். கிளம்புவதும் இருட்டில்தான், கிழவருக்குச் சத்தம் மட்டும் கேட்கும். வசந்தம் வந்து ராத்திரி குறுகியதும் பெர்லின் நின்றது. விடிவதற்குள் திரும்பியாக வேண்டுமே, அதனால் ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த பக்கத்துப் பிரான்சுக்குப் போனார்கள். அந்தி வெளிச்சத்திலேயே விமானம் எழும்பும். கிழவர் களைக்கொத்தை உயர்த்திக் காட்டுவார். வாலிலிருந்து சிரில் கையாட்டுவான்.

"முப்பது தடவை போயிட்டு வந்தா விட்டுடுவாங்கன்னியே, இன்னும் என்னடா பாக்கி?" என்று கேட்டார், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்த மகனிடம்.

"முடிஞ்சிருக்கணும்ப்பா. ஆனா பிரான்சுக்குப் போனா மூணுல ஒரு பங்குதான் கணக்காம். கிட்டக்க இருக்காம், சின்ன ராத்திரியாம்."

"அங்க சுடுறவனும் மூணுல ஒரு பங்குதான் சுடுறானா?"

"அத நீயே போய்க் கேளு. எனக்கு டீ ஆறுது."

மே மாதம் பிறந்ததும் ஒரு சாயங்காலம் களைக்கொத்து உயர்ந்தது, கை ஆடியது. விடிந்தபோது பாதி விமானங்கள்தான் வந்து இறங்கின. சிரிலின் விமானம் அதில் இல்லை.

சில நாள் கழித்துத் தளத்துப் பாதிரியார் வயலுக்கே வந்தார். பக்கத்து வரிசையில் கொத்திக்கொண்டிருந்த ஓட்லிங்கும் நிமிர்ந்தான்.

"அந்த ராத்திரிக்கு அப்புறம் அந்த மூணுல ஒரு பங்குக் கணக்கையே எடுத்துட்டாங்க, ஐயா. இனிமே எங்க போனாலும் முழுசு. பழசுக்கும் சேர்த்து" என்றார் பாதிரியார்.

தர்ல்பி ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"அப்போ என் பையன்?"

"முப்பதும் முடிச்சவர்னுதான் பதிஞ்சிருக்காங்க. அது ஒரு கௌரவம்."

"முடிச்சவனை ஏன் பாதிரியாரே அன்னிக்கு அனுப்புனாங்க?"

"அன்னிக்கு இந்தக் கணக்கு இல்லையே."

ஓட்லிங் மெதுவாகச் சொன்னான்: "விடுப்பா ஜேபஸ். இனி போற பசங்களுக்காவது நல்லதுதானே."

"எத்தனை நாளைக்கு? ராத்திரி மறுபடியும் நீளும். அதுக்கு வேற ஒரு கணக்கு வச்சிருப்பானுங்க."

பாதிரியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓடுபாதையில் இன்ஜின்கள் முழங்கத் தொடங்கின. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. யார் கையாட்டினாலும் தெரியும். கிழவர் களைக்கொத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு, தளத்துக்கு முதுகைக் காட்டி, வரப்போடு நடந்து போனார்.