மக்காச்சோளத்தின் மேல் ஒரு கப்பல் பாய்

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூருக்கு வெளியே, தார்ச்சாலையின் ஒரு பாதியில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது.

மழை வந்தால் மூடுவதற்கு எல்லோரும் நீலத் தார்ப்பாய் வைத்திருந்தார்கள். அங்கமுத்துவின் சோளத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கப்பல் பாய் மடித்துக் கிடந்தது. வெள்ளையாக இருந்து பழுப்பேறிய முக்கோணத் துணி. குறுக்கே கோணல்மாணலாக நீளத் தையல் ஒன்று ஓடியது. தைத்தவள் அவருடைய மருமகள் சிந்து.

சிந்து சோளத்துக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாலு மணிக்குச் சுகன்யா என்ற பினாங்குப் பெண் கூப்பிடுவாள். தங்கள் படகை விற்கிறார்களா இல்லையா என்று அவளுக்கு இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான புதிதில் சிந்துவும் அங்கமுத்துவின் மகன் முத்தமிழ்செல்வனும் மூன்று வருஷம் அந்தப் படகில்தான் குடியிருந்தார்கள். அவன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவன். சேர்த்ததைப் போட்டு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினான், வேலையை விட்டான். உள்ளே இறங்கிப் பார்த்த சிந்து, "நம்மூரு மினிபஸ் அளவுதான் இருக்கு, அதுலயாவது நின்னுட்டு வரலாம்" என்றாள். அன்றிலிருந்து அதற்கு மினிபஸ் என்றே பெயர்.

தாய்லாந்துத் தீவுகளில் ஒரு வருஷம். பிறகு சுமத்ராவுக்கு மேற்கே இருக்கும் தீவுகள். விடிந்ததும் அவள் முதல் வேலை உப்பைத் துடைப்பது. கம்பி, கண்ணாடி, கைப்பிடி எல்லாவற்றிலும் இரவோடு இரவாக உப்புப் பூத்திருக்கும். மற்றப் படகுக்காரர்கள் அதற்கு அலுத்துக்கொள்வார்கள். சிந்து ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். தினமும் காலையில் ஜன்னலைத் துடைக்காத வீடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே அவளுக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும்.

துடைத்து முடித்துவிட்டு, கரையில் முந்தின நாள் அடையாளம் வைத்த இரண்டு தென்னைகளைப் பார்ப்பாள். ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் நங்கூரம் நகரவில்லை, டீ போடலாம். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் ஒரே ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுவாள். இட்லி மாவு அந்த வெக்கையில் மதியத்துக்குள் பொங்கிவிடும், அலை அடித்தால் படுக்கைவரை வரும். சின்ன வெங்காயத்தை வலைப்பையில் போட்டு மேலே கட்டியிருந்தாள். படகு சாய்கிற பக்கமெல்லாம் அதுவும் சாயும். குக்கர் முதல் தடவை விசில் அடித்தபோது பக்கத்துப் படகிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வந்தார். பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சிக்னல் கிடைக்கிற தீவாக இருந்தால் அங்கமுத்துவுக்குப் போன் போடுவார்கள்.

"இன்னிக்கு எந்த ஊரு?"

"ஊரு இல்ல மாமா. தண்ணி."

"அங்கயுமா பஸ்ஸு போவல?"

சுமத்ரா பக்கம் போனபோது ஒரு தப்புச் செய்தார்கள். மழையே இல்லாத வாரங்கள், தொட்டியில் குடிதண்ணீர் அடியில் கிடந்தது. ஒரு மத்தியானம் மேற்கே வானம் திரண்டு கறுத்தது. கடலில் பழகியவர்கள் அப்படி ஒரு மேகத்தைப் பார்த்ததும் பாயைச் சுருக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வார்கள். இவர்கள் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர்கள். கறுத்த மேகத்தைப் பார்த்துப் பயப்பட இவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பாய் முழுசாக விரிந்திருக்க, வாளி, குண்டான், இட்லிப் பானை எல்லாவற்றையும் மேல்தளத்தில் பரப்பினார்கள். சிந்து தலைக்கு சீயக்காய்கூட வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் வந்தது காற்று. படகு ஒருக்களித்துப் படுத்தது, பாத்திரங்கள் கடலுக்குள் போயின. முத்தமிழ் முன்பக்கம் கயிறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "ஏங்க, ஏங்க" என்று கத்தினாள். அந்தக் காற்றில் அது ஒரு முழம்கூடப் போகவில்லை. பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். "முத்தமிழ், பின்னாடி வா." அவன் திரும்பினான். அவன் தலை இருந்த இடத்தில் பாயின் அடியில் கட்டிய நீளக் கட்டை வீசிக்கொண்டு போனது. பாய் நீளமாகக் கிழிந்தது.

அதன்பிறகு படகில் அவன் முத்தமிழ்தான். ஊருக்கு வந்ததும் மறுபடி 'ஏங்க' ஆனான்.

2019இல் அங்கமுத்துவுக்கு இடது பக்கம் வாதம் அடித்தது. படகை மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு படகுத் தளத்தில் கரையேற்றி நிறுத்திவிட்டு, கிழிந்த பாயை மட்டும் தைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு வந்தார்கள். விமானத்தில் அவன் சொன்னான்: "அப்பா எந்திரிச்சு நடக்கட்டும், போயிடலாம்."

இப்போது அங்கமுத்து நடக்கிறார். கைத்தடியோடு கடைத்தெருவரை போய் வருகிறார். படகை இனி எடுத்துக்கொள்ளுங்கள் என்று தளத்துக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். முத்தமிழிடம் கேட்டால், "நீயே பேசிடு சிந்து, நீ சொல்றதுதான்" என்கிறான். அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். விற்க மாட்டேன் என்று சுகன்யாவிடம் சொல்லிவிட அவள் தயாராகத்தான் இருந்தாள். சித்திரை பிறப்பதற்குள் படகைத் தண்ணீரில் இறக்கிவிடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

அங்கமுத்துவுக்கும் விஷயம் தெரியும். "எனக்கு என்ன, நான்தான் நடக்குறன்ல. போயிட்டு வாங்க" என்றார், சாலையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

சோளம் கூட்ட வந்திருந்த வீரம்மாள் சிரித்தாள். "நேத்து டீக்கடைப் படியில நடந்தீங்களே, அதுவா? மூணு பேரு புடிச்சு ஏத்துனாங்க."

"படி ஒசரம். என் காலு மேல என்னாடி தப்பு?"

மூன்று மணிக்குமேல் பச்சைமலைப் பக்கம் வானம் கறுத்தது. தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. அதை முதலில் பார்த்தது சிந்து. சோளத்தைக் கூட்டுவதற்கு முன்பே அவள் கை பாயின் கயிற்றைத் தேடியது.

"காத்து முன்னாடி வரும். மூடிட்டுக் கூட்டலாம்" என்றாள்.

சோளத்தின் மறுமுனையில் இருந்த முத்தமிழும் ஓடி வந்தான். மூவரும் பாயை விரித்தார்கள். ஒரு முனை சிந்துவிடம், ஒன்று முத்தமிழிடம். மூன்றாவதை வீரம்மாள் எடுப்பதற்குள் அங்கமுத்து எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். "வுடு. நான் புடிக்கிறன்."

காற்று வந்தது. பாய் பாய்தானே, காற்றைக் கண்டதும் உப்பிக்கொண்டு எழும்பியது. சிந்து தன் முனையை மைல்கல்லில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அங்கமுத்துவின் இடது கையிலிருந்து துணி நழுவியது. தடி கீழே விழுந்தது.

"ஏங்க" என்றாள். கேட்கவில்லை. மாமனார் நிற்கிறார் என்பது மறந்து போயிற்று. "முத்தமிழ், உன் முனையக் கட்டு. கட்டிட்டு அங்க போ."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கட்டுவதற்கு அவனுக்கு ஒரு நொடி போதும். கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற முடிச்சு அது. அவன் கட்டவில்லை. முனையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப் போய், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். அங்கமுத்து சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஒருவேளை சாயாமலேகூட இருந்திருப்பார். பாய் ஒற்றை முடிச்சில் கொடிபோலப் படபடத்தது. மழை சோளத்தில் இறங்கியது.

வீரம்மாளும் சிந்துவுமாகப் பாயை இழுத்துப் போட்டு, ஓரத்தில் கல்லை வைத்தார்கள். சோளம் பாதிக்குமேல் நனைந்துவிட்டது.

அங்கமுத்து மழையில் நின்றுகொண்டே மருமகளைப் பார்த்தார். "பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் அவனுக்குக் காது கேக்குது போல."

"கேட்டு என்ன மாமா, கட்டலியே."

"கட்டிருக்கணும்" என்றார் அவர். மகன் கை இன்னும் தோளில் இருந்தது. "விடுடா. நான் நிக்கிறன்."

அவன் விடவில்லை.

போன் அடித்தபோது சிந்து பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் நின்றாள். சுகன்யாவின் முகத்துக்குப் பின்னால் படகு தெரிந்தது. வயிற்றுப் பக்கம் பாசி காய்ந்து, ஏணி சாய்த்து, கரையில் நின்றது. சுகன்யா உள்ளே இறங்கிச் சுற்றிக் காட்டினாள். சமையல் மேடைக்கு மேலே வெங்காய வலைப்பை கட்டிய கொக்கி அப்படியே இருந்தது. படுக்கை விளிம்பில் மாவு பொங்கி வழிந்த கறை.

"அக்கா, இது என்ன கறை?"

"இட்லி மாவு. போவாது. நானும் தேய்ச்சுப் பார்த்துட்டேன்."

சுகன்யா சிரித்தாள். "ஒழுகுமா அக்கா?"

"முன்பக்க ஜன்னல்ல கொஞ்சம் ஒழுகும். துணி வச்சுக்கங்க." சிந்து எதிரே பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் முத்தமிழ் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். அவர் கையைத் தட்டிவிட்டார், அவன் மறுபடி துவட்டினான். அவனிடம் அவள் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்த கேள்வி ஒன்றும் இனி பாக்கியில்லை.

"எடுத்துக்கங்க சுகன்யா. கொடுத்துடுறோம்."

"நிஜமாவா? அண்ணன்கிட்ட கேட்க வேணாமா?"

"கேட்டுட்டேன்." அதோடு சொன்னாள்: "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. மேகம் கறுத்தா மொதல்ல பாயச் சுருக்கிடுங்க. தண்ணி அப்புறம் புடிச்சுக்கலாம்."

"விளம்பரத்துல மாற்றுப் பாய் ஒண்ணு இருக்குன்னு போட்டிருந்தீங்களே?"

சிந்து சாலையைப் பார்த்தாள். "அது கிழிஞ்சது. கணக்குல சேர்க்காதீங்க."

பிப்ரவரி முதல் வாரத்தில் படகு சுகன்யாவின் பெயருக்கு மாறியது. நனைந்த சோளம் மழைக்கு மறுநாளே அந்தப் பாயின் மேலேயே பரப்பி உலர்த்தப்பட்டது. காய்வதற்குள் கொஞ்சம் முளைவிட்டிருந்தது. அது மாட்டுக்குப் போனது, மற்றது விலைக்குப் போனது.